யாருக்கும் பாரமில்லாமல்

1

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று உறுதியான அன்று சாயங்காலம், வீட்டில் முதலில் பேசப்பட்டது வைத்தியத்தைப் பற்றி இல்லை. யாரிடம் என்ன சொல்வது என்பதைப் பற்றித்தான். அம்மா பத்து நிமிஷத்தில் முடிவெடுத்தாள். "அல்சர்னு சொல்லிக்கலாம் கண்ணு." எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. லேத் பட்டறைக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது. விஷயம் வெளியே போனால் கடன் கொடுத்தவர்கள் வருவார்கள், ஜாதகம் கேட்டவர்கள் வரமாட்டார்கள். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்பாவிடமும் அல்சர் என்றே சொன்னோம். ரேடியேஷன் கொடுக்கும் கட்டிடத்தின் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த மனிதர் அவர். ஆனாலும் ஒரு நாளும் எங்களை எதுவும் கேட்கவில்லை.

எட்டு மாதம் அப்படிப் போனது. மறைப்பது ஒரு முழுநேர வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்கேன் படங்களைத் துணிக்கடைப் பையில் போட்டு பீரோ மேல் வைத்தோம். மருந்தைத் தெருமுனைக் கடையில் வாங்காமல் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் வாங்கினேன். யாராவது வந்தால் இளைத்தது தெரியாமலிருக்க அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு அக்கா ராகிக் கஞ்சி கொண்டுவந்தால் அம்மா கேட்டிலேயே நின்று வாங்கி, கேட்டிலேயே பேசி, கேட்டிலேயே வழியனுப்பிவிடுவாள். அந்த அக்கா ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திக்கொண்டாள். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

கடைசி இரண்டு மாதம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு வலி மாத்திரை என்று சீட்டில் எழுதியிருந்தது. மாத்திரை மூன்று மணி நேரம்தான் தாங்கும். மிச்சம் மூன்று மணி நேரம் அவர் துண்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. அதை என்ன செய்வதென்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியவில்லை. யூடியூபில் பார்த்து எதையெதையோ செய்தோம். ஒரு ராத்திரி, துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அப்பா சொன்னார்: "யாருக்கும் பாரமில்லாம போயிடணும், அவ்வளவுதான்."

அப்படியே போனார். நாங்களும் அதை அவருடைய நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அம்மா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "யாரையும் ஒரு வாய்த் தண்ணி கேக்கலீங்க."

அன்று காலை எங்கள் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பந்தல், பிளாஸ்டிக் சேர், தண்ணீர் கேன், டீ எல்லாம் வந்துவிட்டன. கஞ்சி கொண்டுவந்த அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மா, நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், உள்ளே வந்தார். காலியாகிவிட்டிருந்த கட்டிலையும் அதன் மேலிருந்த பஞ்சு மெத்தையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சன்னமான குரலில் கேட்டார்: "ஏர் பெட் போடலையாம்மா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்கு நான் சொல்லிப் பார்க்கிற பதில்தான்.

2

பாரமாக இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இதைவிட உயர்ந்த ஒழுக்கம் கிடையாது. வயதானவர்கள் சாமி கும்பிடும்போது கேட்பது இதைத்தான். கை கால் விழாமல், படுக்கையில் கிடக்காமல், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்விட வேண்டும். கேட்கும்போது நமக்குக் கண் கலங்குகிறது. எவ்வளவு நல்ல மனசு என்று நினைக்கிறோம்.

நான் இப்போது அதை வேறு மாதிரி கேட்கிறேன். நோயாளி "பாரமாக இருக்க மாட்டேன்" என்று சொல்லும்போது, சுற்றியிருக்கும் எங்களுக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கிழித்துத் தருகிறார். நீங்கள் வர வேண்டாம், உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் கூப்பிடவில்லை. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நாம் அவரைப் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சிக்கான விலையைத் துண்டைக் கடித்துக்கொண்டு அவர் கொடுக்கிறார்.

பாரம் எங்கேயும் போய்விடுவதில்லை. அப்பா பாரமில்லாமல் போனார் என்பது பொய். எட்டு மாதமும் அந்தப் பாரத்தை அம்மா தூக்கினாள். அவளுக்கு முதுகு போனது, தூக்கம் போனது, சர்க்கரை வந்தது. கூடவே நானும் தூக்கினேன். தெருவில் யாருக்கும் தெரியாமல் இருந்ததால் அது இல்லாத மாதிரி இருந்தது, அவ்வளவே. "யாருக்கும்" என்ற சொல்லில் வீட்டுப் பெண்கள் அடக்கம் இல்லை என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

நமக்குச் சேர்ந்து தூக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு மொய் வைக்கிறோம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி, இருபது வருஷம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்கிறோம். சாவுக்கும் முறை இருக்கிறது. யார் கோடித்துணி எடுப்பது, யார் சோறு போடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு மனிதர் எட்டு மாதமோ எட்டு வருஷமோ நோயோடு வாழ்கிறாரே, அந்தக் காலத்துக்கு முறை எதுவும் இல்லை. இழவு வீட்டில் என்ன செய்வதென்று தெரிந்த ஊருக்கு நோய் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெரிந்ததெல்லாம் "பார்க்கப் போவது". ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கிலோ சாத்துக்குடி, கட்டில் ஓரத்தில் பத்து நிமிஷம். உணவுக்குழாய் அடைத்துப்போன மனிதரிடம் "நல்லா சாப்பிடுங்க, தெம்பா இருங்க" என்பார்கள். பிறகு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "எப்படி வந்துச்சு? குடிப்பாரா? சிகரெட்டா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் தனக்கு வராது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் அல்சர் என்று சொன்னோம். ஆக, மறைத்தவர்கள் மேல் மட்டும் தப்பைப் போட எனக்கு மனசில்லை. கதவைச் சாத்துகிறவருக்கும் வெளியே நிற்கிறவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

3

அப்பா போய் மூன்று வருஷம் கழித்து அத்தைக்கு வந்தது. அப்பாவின் அக்கா. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். மாநிலம் கேரளம் என்றாலும் பேச்சு தமிழ். மாமா எப்போதோ போய்விட்டார், ஒரே மகன் வளைகுடாவில். அத்தை தனியாக இருந்து தையல் தைத்துக்கொண்டிருந்தாள். மார்பில் கட்டி வந்ததை ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் கேட்டபோது அவளும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். எங்கள் குடும்பச் சொத்து அது. "யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு பாத்தேன் அம்மிணி."

நான் போனபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. எலும்புக்கும் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வலியைவிட அவளை அதிகம் வதைத்தது நாற்றம். அந்த நாற்றத்தால்தான் அவள் ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். எனக்கு அம்மாவின் கேட் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். பஞ்சாயத்திலிருந்து வரும் நர்ஸ், ஒரு ஆட்டோ டிரைவர், ஸ்கூலில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. "பாலியேட்டிவ்ல இருந்து வர்றோம்" என்றார் டிரைவர். மருத்துவச் சொல்லாக அதைச் சொல்லவில்லை. போஸ்ட் ஆபீஸிலிருந்து வருகிறோம், ரேஷன் கடையிலிருந்து வருகிறோம் என்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சந்தேகம். என்ன வேண்டும் இவர்களுக்கு? எந்தக் கட்சி, எந்தச் சபை? காசு கேட்பார்களா? சும்மா யாராவது வருவார்களா?

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலில் கேட்டது, "ராத்திரி தூங்கினீங்களா?" என்று. எப்படி வந்தது என்று கேட்கவில்லை. எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை. அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தூங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றாள். எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொன்னாள்.

அன்று செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவினாள். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினாள். விலை குறைந்த சாதாரண மாத்திரை. சில நாளில் நாற்றம் அடங்கியது. அதைத் தினமும் எப்படிச் செய்வது என்று எனக்கும் டீச்சரம்மாவுக்கும் காட்டித் தந்தாள். அடுத்த வாரம் டாக்டர் வந்து பார்த்து மார்ஃபின் மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வருவதற்கு முன்னாலேயே போட வேண்டும், மலச்சிக்கலுக்குக் கூடவே மருந்து சாப்பிட வேண்டும் என்று டிரைவர் எனக்குச் சொன்னார். டாக்டர் சொன்னதை அவர் தனியாக உட்கார்ந்து திரும்பச் சொன்னதால்தான் எனக்குப் புரிந்தது.

முதல் மாத்திரை போட்ட ராத்திரி அத்தை தூங்கினாள். நான் தூங்கவில்லை. அப்பாவின் அந்த மூன்று மணி நேரங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு பொருள், அந்தப் பக்கம் எங்களுக்கு இருப்பதே தெரியாமல் போயிருக்கிறது.

4

இது எப்படி வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் சேர்ந்து, வலி தணிப்பதற்கென்றே ஒரு சங்கத்தையும் புறநோயாளிப் பிரிவையும் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் மார்ஃபின் கிடைப்பதே பெரும்பாடு. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைப்பதில்லை. ஒரு லைசென்ஸுக்குப் பல அலுவலகங்கள் ஏற வேண்டும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சட்டப்படி அபினி பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற நாடு இது. சொந்த நோயாளிகளுக்குத் துண்டைக் கடிக்கக் கொடுத்தது. அந்தச் சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதானது 2014இல்தான்.

மருந்து மட்டும் போதாது என்று கோழிக்கோட்டில் சில வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. கடுமையான நோயில் இருப்பவர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. வந்தாலும் டாக்டர் பார்ப்பது பத்து நிமிஷம். மிச்சமிருக்கும் இருபத்துமூணு மணி ஐம்பது நிமிஷம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். அங்கே அரிசி இல்லை, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டவில்லை, பேச ஆள் இல்லை. டாக்டர்கள் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள். ஒரு மனிதர் சாவை எதிர்கொள்வது மருத்துவப் பிரச்சினை என்றும், அதில் சமூகத்துக்கும் கொஞ்சம் வேலை உண்டு என்றும்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அடிப்படையில் சமூகத்தின் பிரச்சினை, மருத்துவத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அவ்வளவுதான் என்று இவர்கள் சொன்னார்கள்.

2000ஆம் ஆண்டையொட்டி மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கி, அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக அது பரவியது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிற யாரும் சேரலாம். பதினாறு மணி நேர வகுப்பு, கூடவே நான்கு நாள் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, புண்ணை எப்படிக் கட்டுவது. பணத்தின் பெரும்பகுதி உள்ளூரிலேயே சிறுசிறு தொகையாகத் திரட்டப்பட்டது. கடைகளில் உண்டியல், ஸ்கூல் பிள்ளைகளின் சில்லறை, பஸ்காரர்கள் கொடுக்கும் ஒரு நாள் வசூல். 2008இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பஞ்சாயத்துகள் நர்ஸ் வைத்து வீடு வீடாக அனுப்பத் தொடங்கின. அத்தை வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதினாறு மணி நேரம்தான். நல்ல மனசு இருந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர்கள் தானாக வருவார்கள் என்று அவர்கள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று நினைத்தார்கள். "எப்படி வந்துச்சு?" என்று கேட்கிற வாயை "தூங்கினீங்களா?" என்று கேட்கப் பழக்க முடியும். அன்பு தானாகச் சுரக்க வேண்டும் என்று காத்திருப்பதைவிட இது எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

5

இவ்வளவு எழுதியபிறகு எனக்கே சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் இதுவும் இன்னொரு அல்சர் கதையாகிவிடும்.

முதல் கேள்வி அரசைப் பற்றி. அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அரசு கையைக் கழுவிக்கொள்ளாதா? கழுவிக்கொள்ளும், விட்டால். ஆட்டோ டிரைவர் மார்ஃபின் எழுத முடியாது. ஸ்கேன் செலவை உண்டியல் கட்டாது. அத்தை வீட்டில் இது நடந்தது டிரைவரும் டீச்சரம்மாவும் இருந்ததால் மட்டும் இல்லை. நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு பஞ்சாயத்தும் இருந்ததால்தான். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் ஒரு பகுதி. நர்ஸ் வாசலுக்கு வருவாள். வாசலைத் திறப்பதும், அவள் போனபிறகு மிச்ச நேரத்தில் யார் இருப்பது என்பதும் நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றி. ஊர் என்பது அவ்வளவு நல்ல விஷயமா? கஞ்சி கொண்டுவருகிற அதே ஊர்தான் காதலித்தவர்களைத் துரத்துகிறது, விதவை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. நோயாளிக்குத் தன் கதவைச் சாத்திக்கொள்ள உரிமை இல்லையா? உண்டு. அத்தை ஒரு நாள் "இன்னிக்கு யாரும் வேண்டாம்" என்றாள். டிரைவர், "சரிக்கா, வியாழக்கிழமை வர்றேன்" என்று ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார். வியாழக்கிழமை வந்தார். ஊர் அப்படிக் கேட்டுக்கொண்டு போகாது. சாத்தின கதவை மதிக்கவும் வேண்டும், திரும்ப வரவும் வேண்டும். ரொம்பக் கஷ்டமான வேலை அது.

மூன்றாவது கேள்வியை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது எங்கள் வீட்டைப் பற்றியது.

அத்தை காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய ஒரு நாள், பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் கேட்டேன். "நாலாவது வீட்டு அம்மா நர்ஸுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "தெரியாம என்ன? தெரியும்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே தெரு. அந்த அம்மா வீட்டில் நாங்கள் ஒரு தடவைகூடத் தண்ணீர் குடித்ததில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டு போகிற வீடுகளில் அது இல்லை. அவர்கள் என்ன ஜாதி என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் தெரியும். சின்ன வயசில் கோடு தாண்டாமல் பாண்டி ஆடப் பழகியதைப் போல அதுவும் காலுக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவின் புண்ணைத் தொட்டுக் கழுவத் தெரிந்த கைகள் நாலு வீடு தள்ளி இருந்தன. அவர் உடம்பை அந்தக் கைகள் தொட வேண்டிவரும் என்பதால்தான் நாங்கள் கூப்பிடவில்லையா? அம்மா இப்படி யோசித்திருக்க மாட்டாள். யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அது பழக்கம். எங்களுக்கு அதற்கு ஓர் அழகான பெயர் கைவசம் இருந்தது: யாருக்கும் பாரமில்லாமல்.

இதைப் புரிந்துகொண்டபோதுதான் அந்த வாக்கியத்தின் அடிப்பக்கம் எனக்குத் தெரிந்தது. பாரமாக இருக்க மாட்டேன் என்பதில் பணிவு கொஞ்சம் இருக்கிறது. மீதி, கடன்பட மாட்டேன் என்ற கர்வம். எல்லோரிடமும் கடன்படாமல் இருக்க யாராலும் முடியாது. மொய் நோட்டில் இருப்பவர்களிடம் நாங்கள் தாராளமாகக் கடன்பட்டிருந்தோம். நோட்டில் பெயர் இல்லாதவர்களிடம் பட மாட்டோம் என்பதுதான் அதன் முழு அர்த்தம். அம்மாவின் முதல் நாள் கணக்கில் கடனும் கல்யாணமும் இருந்தன. இதுவும் இருந்தது, எழுதாமல்.

6

திருக்குறளில் ஈகை என்ற அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் இருக்கிறது. ஸ்கூலில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மனப்பாடம் செய்தேன். இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. அதில் மேலே ஒருவர், கீழே ஒருவர். ஒப்புரவு அப்படி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து வாழ்வதாலேயே ஒருவருக்கொருவர் செய்வது. இரண்டுக்கும் நடுவில் வள்ளுவர் ஒரு கோடு போட்டிருக்கிறார். நாம்தான் அதை அழித்துவிட்டோம். உதவி என்றாலே ஈகை என்று நினைப்பதால்தான் வாங்குவதற்குக் கூசுகிறது.

அத்தைக்கும் கூசியது. மூன்றாவது வாரம் அவள் டிரைவரிடம், "உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு குடுக்கறேன்" என்று அழுதாள். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தடவை வரும்போது தன் மகளின் யூனிபார்ம் பாவாடையைக் கொண்டுவந்தார். ஓரம் பிரிந்திருந்தது. "தைச்சுத் தர முடியுமாக்கா? திங்கக்கிழமை வேணும்." எனக்குக் கோபம் வந்தது. கை வீங்கிப் படுத்துக் கிடக்கிறவளிடம் போய்த் தைக்கச் சொல்கிறாரே என்று. அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, வீங்காத கையால் நூல் கோத்து, இரண்டு நாள் எடுத்து அதைத் தைத்தாள். ஒரு அங்குலம் தைப்பாள், படுப்பாள். முடித்தபிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்து, "தையல் எப்படி, நேரா இருக்கா பாரு" என்று என்னிடம் கேட்டாள். அந்த மூன்று மாதத்தில் அவள் முகத்தில் நான் பார்த்த ஒரே பெருமை அது. அவர் வேண்டுமென்றே கொண்டுவந்தாரா, நிஜமாகவே திங்கட்கிழமைக்குத் தேவைப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸைப் பற்றிப் படித்தபோது இது ஞாபகம் வந்தது. வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் உறவிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொன்னவர் அவர். லண்டனில் அவர் சமூகப் பணியாளராக இருந்தபோது, போலந்திலிருந்து அகதியாக வந்த டேவிட் டாஸ்மா என்ற யூதர் புற்றுநோயோடு படுத்திருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. இருவரும் நிறையப் பேசினார்கள். சாகிறவர்களுக்கென்று ஓர் இடம் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பேச்சில்தான் உருவானது. 1948இல் அவர் இறந்தபோது, அந்த இடத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார். கட்டிடம் வந்தது 1967இல். ஜன்னலுக்கான பணம் பத்தொன்பது வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. கொடுத்தது, யாருக்கும் எதுவுமாக இல்லாத ஒரு நோயாளி.

பாரமாக இருக்க ஒப்புக்கொள்கிறவர் மற்றவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கிறார் என்று இப்போது நம்புகிறேன். டிரைவரும் டீச்சரம்மாவும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் மொய் வைத்திருக்க வாய்ப்பே இல்லை. அத்தையின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பழகினார்கள். அத்தை போன அன்று அவர்கள்தான் முதலில் வந்தார்கள், ஆனால் அன்று அவர்களுக்குப் புதிதாகச் செய்ய எதுவும் இருக்கவில்லை. அந்த வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்தக் கடனை அவர்களுக்கே திருப்பித் தர முடியாது. நோட்டில் எழுதிவைக்கவும் முடியாது. வேறு யார் வீட்டிலாவதுதான் செய்ய வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாவது வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டார். எங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள் மூன்று பேர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. புண் கட்டவும் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கவும் எங்களில் நாலைந்து பேருக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லித்தரேன். அடுத்த வாட்டி வரும்போது உங்கம்மாவையும் கூட்டிட்டு வா."

அம்மாவிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. நான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறேன். போன வாரம் கிளம்பும்போது அம்மா சமையலறையிலிருந்து வந்து, ஒரு டப்பாவில் முறுக்கைப் போட்டு என் கையில் கொடுத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.